பல்கலைக்கழகம் என்று எழுத எத்தனை அடி வேண்டும்?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போகிறவர்கள் காலாப்பட்டு வட்டாரத்தில் கவனித்திருப்பீர்கள். ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்றின் ஆங்கிலப் பெயர் பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி. இன்னொன்று புதுச்சேரி டெக்னாலஜிக்கல் யுனிவர்சிட்டி. ஒரே ஊர், ஒரே உப்புக்காற்று, ஆனால் ஊர்ப்பெயர் மட்டும் இரண்டு விதம். வெளியூர்ப் பையன்கள் இதைப் பார்த்துவிட்டு, யாரோ எழுத்துப்பிழை விட்டுவிட்டார்கள் என்றே நினைக்கிறார்கள்.

பிழை ஏதும் இல்லை. முதலாவது 1985இல் நாடாளுமன்றம் போட்ட தனிச் சட்டத்தில் பிறந்தது. அந்தச் சட்டத்தில் பாண்டிச்சேரி என்று இருக்கிறது. 2006 அக்டோபரில் யூனியன் பிரதேசத்தின் பெயர் புதுச்சேரி என்று மாறியபோது, மாறியது பிரதேசத்தின் பெயர்தான். பல்கலைக்கழகத்தின் பெயர் மாற வேண்டுமென்றால் அதன் சட்டத்தையே திருத்த வேண்டும். பழைய பெயர் அப்படியே நின்றுவிட்டது. இரண்டாவது, 1984இல் தொடங்கிய பாண்டிச்சேரி இன்ஜினியரிங் காலேஜ். அது பல்கலைக்கழகமானது 2020இல். அதற்குள் ஊர் புதுச்சேரியாகிவிட்டதால் புதுப் பலகையில் புதுப் பெயர் ஏறியது. பஸ் கண்டக்டர்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் அவசியமே இல்லை. முதலாவது அவர்களுக்கு 'யுனிவர்சிட்டி'. இரண்டாவது இன்றைக்கும் 'இன்ஜினியரிங் காலேஜ்'.

எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன அச்சுக்கடை. ஃப்ளெக்ஸ், விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, பிட் நோட்டீஸ், டாக்டர் வீட்டு வாசல் போர்டு எல்லாம் அடித்துக் கொடுக்கிறோம். பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் கடைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி கல்லூரிச் சேர்க்கை விளம்பரம்தான். மற்றவர்கள் கல்லூரிப் பெயரைத் தரத்தோடு சேர்த்துப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது அகலம். 'பல்கலைக்கழகம்' ஒன்பது எழுத்து. எட்டு அடி பேனரில் முன்னால் ஒரு தலைவர் பெயரும், அவருக்கு முன்னால் 'தமிழ்நாடு டாக்டர்' என்பதும் வந்துவிட்டால் எழுத்து பொடியாகிவிடும், இல்லையென்றால் இரண்டாம் வரிக்குப் போய்விடும். நாளிதழ்க்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துக்கொண்டார்கள். 'பல்கலை' என்று வெட்டினார்கள், ஒற்றைப் பத்தித் தலைப்புக்குள் கச்சிதமாக அடங்கிவிட்டது. இன்று வாயால் பேசும்போதுகூட 'பல்கலை' என்கிறவர்கள் உண்டு. பத்தி அகலம் பாதி வேலையைச் செய்தது, சோம்பல் மீதியைச் செய்தது என்று நினைக்கிறேன்.

கல்யாணப் பத்திரிகையில் பட்டம் போடுவது நம் பக்கத்துக்குப் பெரிய விஷயம். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே பி.இ., பெண் பெயருக்குக் கீழே எம்.எஸ்சி., பி.எட். என்று வராவிட்டால் மாமாமார் கடைக்கே போன் போடுவார்கள். இந்த வேலையில் இருப்பதால் ஒன்று கண்ணில் பட்டது. முள்ளோடை செக்போஸ்ட்டுக்குத் தெற்கே சிவில் இன்ஜினியரிங் படித்த பையன் பி.இ. வடக்கே புதுச்சேரி மண்ணில் அதே சிவில் படித்தவன் பி.டெக். காரணம் வேறொன்றுமில்லை. இந்தப் பக்கம் அண்ணா பல்கலைக்கழகமும் அண்ணாமலையும் சிவிலுக்குத் தருவது பி.இ. அந்தப் பக்கம் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் பி.டெக். பெண் வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்வி: "பி.டெக்னா பி.இ.ய விடப் பெருசாங்க?" நான் அச்சடிக்கிறவன், எனக்கு ஒன்று மூன்றெழுத்து, மற்றது இரண்டெழுத்து. ஆனால் இந்தக் கேள்வியிலேயே ஒன்று தெரிந்துவிடுகிறது. பட்டத்தின் சுருக்கத்தைப் பார்த்துத் தரத்தை ஊகிக்கப் பழகிவிட்டோம். கல்லூரிப் பெயரிலும் நடப்பது இதுதான்.

இதை முதலில் செய்தது நாம் இல்லை. இங்கிலாந்தில் பட்டத்துக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'காண்டப்' என்று போட்டால் கேம்பிரிட்ஜ், 'ஆக்ஸன்' என்று போட்டால் ஆக்ஸ்ஃபோர்டு. இரண்டும் லத்தீன் பெயர்களின் வெட்டு. நம் ஊரில் பழைய பேராசிரியர்களும் 'எம்.ஏ. (மெட்ராஸ்)', 'எம்.ஏ. (அண்ணாமலை)' என்று போட்டுக்கொண்டார்கள். இப்போது அந்த அடைப்புக்குறியை விடாமல் வைத்திருப்பவர்கள் டாக்டர்கள்தான். எம்.டி. (ஜிப்மர்) என்று போர்டில் இருந்தால் கூட்டம் வேறு மாதிரி. போர்டு அடிக்க வரும் இளம் டாக்டர்கள் அந்த ஒரு சொல்லை மட்டும் சிவப்பில் போடச் சொல்வதுண்டு.

ஜிப்மரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வரும் பரம்பரை. பிரெஞ்சு ஆட்சி போனபின் 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி. 1964இல் ஜவஹர்லால் முதுநிலை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று தனிச் சட்டம். கோரிமேட்டில் காலை ஐந்து மணிக்கு ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்கும் திருவண்ணாமலைக்காரரைக் கேட்டுப் பாருங்கள், 'ஜி' யார் என்று. தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நேருவின் பெயரை நிலைநிறுத்தத்தான் அந்த எழுத்தை வைத்தார்கள். சுருக்கம் வெற்றி பெற்றதும் நேரு உள்ளே மறைந்துவிட்டார்.

தமிழ்நாட்டில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒரு பெரியவரைக் கௌரவிக்க அவர் பெயரைப் பல்கலைக்கழகத்துக்கு வைப்போம். பெயர் நீளமாகிவிடும். நீளமானதும் சுருக்குவோம். சுருக்கும்போது முதலில் காணாமல் போகிறவர் அந்தப் பெரியவரே. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் என்று இருந்ததை 1978இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். பையன்கள் வாயில் எம்.கே.யு. திருநெல்வேலியில் 1990இல் வைத்த பெயர் இன்னும் விசேஷம். மனோன்மணியம் சுந்தரனார். சுந்தரனார் ஆசிரியர், மனோன்மணியம் அவர் எழுதிய நாடகம். நாம் பள்ளிக்கூடத்தில் பாடிய தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்தின் பாயிரத்தில் இருப்பது. அப்படி ஒரு நாடகத்தின் தலைப்பே ஆசிரியருக்கு இனிஷியல் போல உட்கார்ந்து, கடைசியில் 'எம்.எஸ். யுனிவர்சிட்டி' என்று வற்றிவிட்டது. குஜராத்துக்காரரிடம் எம்.எஸ். என்றால் அவர் நினைப்பது பரோடாவில் உள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம். பத்திரிகைகள் கொஞ்சம் புத்திசாலித்தனமாக 'நெல்லை பல்கலை' என்று ஊரைப் பிடித்துக்கொண்டன. ஊர்ப்பெயர் வாசகனுக்கு உடனே பிடிபடும். தலைவர் பெயர் பிடிபட நேரமாகும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் நியாயமான ஒரு மனக்குறை உண்டு. பாரதி 1908 முதல் 1918 வரை இருந்த ஊர் இது. பாரதிதாசன் 1891இல் பிறந்து வளர்ந்து வாத்தியார் வேலை பார்த்த ஊர் இது. 1982இல் தமிழ்நாடு இரண்டு பல்கலைக்கழகங்களைத் தொடங்கியபோது பாரதியார் கோயம்புத்தூருக்குப் போனார், பாரதிதாசன் திருச்சிக்குப் போனார். மூன்று வருடம் கழித்துப் புதுச்சேரிக்கு ஒரு பல்கலைக்கழகம் வந்தபோது நல்ல பெயர்கள் இரண்டும் கையைவிட்டுப் போயிருந்தன. பாரதிதாசன் பெயரில் இங்கே இருப்பது அரசு மகளிர் கல்லூரி. பல்கலைக்கழகம் ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டது ஒருவகையில் நல்லதாகவே போயிற்று என்பது என் கட்சி. அதன் குறிக்கோள் வாசகம்கூட பிரெஞ்சு. 'வேர் லா லுமியேர்', ஒளியை நோக்கி. எந்த ஊர்ப் பல்கலைக்கழகம் என்று அந்த ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிடும். பெரிய பெரிய ஏஜென்சிகள் காசு வாங்கிக்கொண்டு செய்யும் பிராண்டிங் வேலையை அந்த மூன்று சொல் சும்மா செய்கிறது.

இப்போது எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். இதை எழுதத் தூண்டியதே அண்ணாமலைதான்.

செட்டிநாட்டு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கி, 1929இல் அது பல்கலைக்கழகமானது. சட்டப்படி அது 2021 வரை ஒற்றை வளாகப் பல்கலைக்கழகம். கீழே இணைப்புக் கல்லூரி இருந்ததில்லை. ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிழக்கே இறங்கினால் முழுவதும் அதுதான். இடத்துக்கே அண்ணாமலை நகர் என்று பெயர், தனிப் பேரூராட்சி, தனிப் பின்கோடு, 608002. நிறுவனப் பெயர் ஊர்ப்பெயராகவும் ஆகிவிட்டால் அதை யாராலும் சுருக்க முடியாது. கடலூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒருவராவது 'ஏ.யு.' என்று சொல்லிக் கேட்டதில்லை. 'அண்ணாமலையில படிச்சேன்', அவ்வளவுதான். திருவண்ணாமலை என்று யாரும் குழப்பிக்கொள்வதும் இல்லை. ஷேர் ஆட்டோக்காரர் வாயிலும் பதிவாளர் கையெழுத்திட்ட சான்றிதழிலும் ஒரே சொல் இருக்கும் பல்கலைக்கழகங்கள் நாட்டில் அதிகம் இருக்காது.

குழப்பம் மாவட்டத்தைத் தாண்டியபின் தொடங்கும். புனேயிலோ நொய்டாவிலோ இண்டர்வியூவில் 'ஏ.யு.' என்று ரெஸ்யூமேயில் பார்த்தால் அண்ணாவா, அண்ணாமலையா, ஆந்திராவா, அலகாபாத்தா, அழகப்பாவா? வடக்கே உள்ளவர்களுக்கு அண்ணாவும் அண்ணாமலையும் ஒன்றே. ஒருவன் சிதம்பரத்தில் படித்துவிட்டுச் சென்னைக்காரன் என்று பெயர் வாங்குவான், வேறொருவன் தலைகீழாக. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த அண்ணாவுக்கே கௌரவ டாக்டர் பட்டம் தந்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1978இல் சென்னையில் தொடங்கியது முதலில் 'பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்'. 1982இல் வெட்டி 'அண்ணா பல்கலைக்கழகம்' ஆக்கினார்கள். வெட்டியது நல்ல வேலை. ஆனால் அந்த வெட்டில்தான் இரண்டு பெயர்களும் ஒன்றோடொன்று உரசும் அளவுக்கு நெருங்கின. எங்கள் மாவட்டத்தில் பண்ருட்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஃப் இன்ஜினியரிங். ஆக, 'யுனிவர்சிட்டியில இன்ஜினியரிங்' என்று ஒரு பையன் சொன்னால் அவன் அண்ணாமலை நகரா, பண்ருட்டியா என்று இன்னொரு கேள்வி கேட்டுத்தான் தீர வேண்டும்.

2013இல் அண்ணாமலையை அரசு தனிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. நிர்வாகம் மாறியது, பெயர் மாறவில்லை. 2021இல் நடந்தது அதைவிடப் பெரியது, ஆனால் பலகையில் ஓர் எழுத்துகூட அசையாததால் பலருக்குத் தெரியவே இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் விழுப்புரத்தில் டாக்டர் ஜெ.ஜெயலலிதா பல்கலைக்கழகம் என்று ஒன்றுக்குச் சட்டம் வந்தது. மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் கடைசியில் அதை அண்ணாமலையோடு இணைக்கும் மசோதா பேரவையில் நிறைவேறியது. அரசியலை விட்டுவிடுகிறேன். விளைவைச் சொல்கிறேன்: கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கக் கல்லூரிகள் அண்ணாமலையின் கீழ் வந்தன. 90 வருடத்துக்கு மேல் ஒற்றை வளாகமாக இருந்தது இணைப்புக் கல்லூரிகள் உள்ள பல்கலைக்கழகமாகிவிட்டது.

முன்பு 'அண்ணாமலை' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்கள். மற்றது தொலைதூரக் கல்வியில் தபாலில் பாடம் வாங்கிப் படித்த லட்சக்கணக்கானோர். இப்போது மூன்றாவதாக, அந்த வளாகத்துக்குள் காலே வைக்காமல் தங்கள் ஊர்க் கல்லூரியில் படித்து அண்ணாமலைச் சான்றிதழ் வாங்குகிறவர்கள். பழைய ஹாஸ்டல்காரர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு பிடிக்காது. திட்டக்குடியிலிருந்து பஸ் பிடித்து அரசுக் கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு அந்தப் பெயர் கிடைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெயரை மாற்றாமலேயே ஒரு பெயரின் பொருளை மாற்றிவிடலாம். அதைக் கவனிக்க யாரும் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் புதுப் போர்டு எதுவும் அடிக்க வேண்டியதில்லை.

பாரம் என்னவோ எப்போதும் சான்றிதழ் வைத்திருப்பவர் தலையில்தான். தேவனாம்பட்டினத்தில் உள்ள பெரியார் கலைக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1964இல் தொடங்கியது. அப்பா அங்கே படித்திருந்தால் சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம். 2002க்குப் பின் அக்கா படித்திருந்தால் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். இப்போது தம்பி படித்தால் அண்ணாமலை. ஒரே கட்டடம், ஒரே கடற்கரைக் காற்று, ஒரே வீட்டில் மூன்று பல்கலைக்கழகம். வெளிமாநிலத்தில் வேலைக்குப் போன அக்காவிடம், கடலூரில் படித்துவிட்டு வேலூர்ச் சான்றிதழ் எப்படி என்று கேட்கிறார்கள். அவர் அதற்கு ஒரு விளக்கக் கடிதம் தயார் செய்து வைத்திருக்கிறார். டைப் அடித்துக் கொடுத்தது நான்தான். இன்ஜினியரிங் பையன்கள் கதையும் இதேதான். 2007இல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரிக்க ஆரம்பித்து, திருச்சி, கோவை, திருநெல்வேலி, மதுரை என்று ஊர் ஊராக வாலைச் சேர்த்து, 2012இல் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். அந்த ஐந்து வருட இடைவெளியில் படித்தவர்கள் இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகளாக நடமாடுகிறார்கள்.

மருத்துவக் கல்லூரிப் பெயர் மாற்றத்தில் இன்னொரு விதமான சிக்கல். அண்ணாமலை நகரில் இருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை 2021இல் அரசு சுகாதாரத் துறையின் கீழ் கொண்டுவந்தார்கள். கட்டணத்துக்கு எதிராக மாணவர்கள் நடத்திய நீண்ட போராட்டத்துக்குக் கிடைத்த பலன் அது, ரொம்ப நல்ல விஷயம். பெயர் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி என்றாயிற்று. இருப்பதோ சிதம்பரத்தில். கடலூர் நகரத்தில் இருப்பது அரசுத் தலைமை மருத்துவமனை. வெளியூர் டாக்டர் எழுதித்தரும் சீட்டில் 'கடலூர் மெடிக்கல் காலேஜ்' என்று இருந்தால், நோயாளியைக் கூட்டிக்கொண்டு மஞ்சக்குப்பத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னும் 40 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். உள்ளூர்க்காரர்கள் இன்றும் 'ராஜா முத்தையா' என்றே சொல்வதால் தப்பிக்கிறார்கள். காரைக்காலில் இருக்கும் என்.ஐ.டி.யின் பெயர் என்.ஐ.டி. புதுச்சேரி. கவுன்சலிங்கில் பெயரைப் பார்த்துவிட்டு, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வழி கேட்டால், கடலூர், சிதம்பரம் எல்லாம் தாண்டி இன்னும் மூன்று நான்கு மணி நேரம் என்று பதில் வரும்.

இனி எழுத்துகள். தனியார் நிறுவனங்கள் எழுத்தை ஏன் அவ்வளவு விரும்புகின்றன என்பது கடைக்கு வந்த பின்தான் எனக்குப் புரிந்தது. எழுத்துக்கு ஊர் கிடையாது, சட்டத் தகுதி கிடையாது, விரிக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது.

1956ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. மத்திய, மாநிலச் சட்டம் எதிலும் பிறக்காத நிறுவனம் தன் பெயரில் 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லைச் சேர்க்கக் கூடாது. மீறினால் அந்தச் சட்டம் எழுதியபோது வைத்த அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. நான் அடிக்கும் ஒரு நடுத்தர ஃப்ளெக்ஸின் விலைதான் அது! நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மூன்றாம் பிரிவில் அறிவிக்கப்படுபவை. பட்டம் தரலாம், ஆனால் முழுப் பல்கலைக்கழகம் இல்லை. பல வருடங்கள் எல்லாருமே 'யுனிவர்சிட்டி' என்று போட்டுக்கொண்டிருந்தார்கள், யாரும் கேட்கவில்லை. 2017 நவம்பரில் தொலைதூர இன்ஜினியரிங் பட்டங்கள் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தடுக்கச் சொன்னது. உடனே மானியக் குழு 120க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. நாடு முழுக்க முகப்பு வளைவுகளில் எழுத்தைப் பெயர்த்தெடுக்கும் வேலை நடந்தது. அச்சுக்காரர்களுக்கு அது நல்ல காலம்.

வேலூர் வி.ஐ.டி. 1984இல் வேலூர் இன்ஜினியரிங் காலேஜ் என்று தொடங்கி, 2001இல் நிகர்நிலை ஆகி, வி.ஐ.டி. யுனிவர்சிட்டி என்று சில காலம் இருந்து, அந்த உத்தரவுக்குப் பின் வேலூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜிக்குத் திரும்பியது. போபாலிலும் ஆந்திராவிலும் அவர்கள் வைத்திருப்பவை மாநிலச் சட்டப்படியான தனியார்ப் பல்கலைக்கழகங்கள். அதனால் அங்கே 'யுனிவர்சிட்டி' போடலாம். தாய்வீடான வேலூரில் போட்டால் அடைப்புக்குறியோடு 'டீம்ட் டு பி' சேர்க்க வேண்டும். போபாலில் படிக்கும் பையனிடம் 'வி' எதற்கு என்று கேட்டால் யோசிப்பான். எஸ்.ஆர்.எம். யுனிவர்சிட்டியும் அப்படித்தான் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி ஆனது. யாருடைய வியாபாரமும் இதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. காரணம், சொல் போனாலும் எழுத்து இருந்தது. தஞ்சாவூர் சாஸ்த்ரா இன்னும் சாமர்த்தியம். சண்முகா ஆர்ட்ஸ், சயின்ஸ், டெக்னாலஜி அண்ட் ரிசர்ச் அகாடமி என்று விரித்தால், சுருக்கமே ஒரு கம்பீரமான சொல்லாக வந்து நிற்கிறது. சுருக்கத்தை முதலில் முடிவு செய்துவிட்டு விரிவைப் பிறகு எழுதினார்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

சேர்க்கை சீசனில் ஒரு நிறுவனத்திலிருந்து பிராண்ட் கையேடு என்று ஒரு பி.டி.எஃப். வந்தது. லோகோவைச் சுற்றி எவ்வளவு காலி இடம் விட வேண்டும், நீலத்தின் சி.எம்.ஒய்.கே. எண் என்ன, பெயரை எந்தப் பின்னணியில் போடவே கூடாது என்று பக்கம் பக்கமாக இருந்தது. எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது என்ற வரி எங்கே, எந்த அளவில் வர வேண்டும் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. போன் செய்து கேட்டேன். "அது கீழ எங்கயாவது சின்னதா போட்டுடுங்க சார், நாக் ஏ பிளஸ் பிளஸ் மட்டும் நல்லா தெரியணும்" என்றார் அந்தப் பக்கம் பேசிய தம்பி. நாக் என்பது கல்லூரிகளுக்குத் தரக்குறி போடும் தேசிய அமைப்பு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு டார்கெட். ஆனால் அந்த நோட்டீஸை வாங்கிப் படிக்கப்போவது நெல்லிக்குப்பத்தில் கரும்பு போட்டிருக்கும் ஓர் அப்பா. பட்டம் யார் பெயரில் வரும் என்பது அவருக்கு லோகோ நீலத்தைவிட முக்கியம். மானியக் குழு ஆண்டுதோறும் வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் புதுச்சேரி முகவரியோடும் ஒன்று வந்திருக்கிறது. எங்கள் பக்கத்து ஆள்களுக்கு இது எங்கோ டெல்லியில் நடக்கும் விஷயம் இல்லை.

பெயர்மோகம் நம் ஊர் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி, தன் பெயருக்கு முன்னால் வரும் 'தி' என்ற சொல்லுக்கு 2022இல் வணிகச் சின்னப் பதிவு வாங்கிவிட்டது, டி-ஷர்ட், தொப்பி வகைக்காக. லண்டனில் கிங்ஸ் காலேஜ் லண்டன் தன் பெயரிலிருந்து 'காலேஜ்' என்பதைத் தூக்கிவிட்டு 'கிங்ஸ் லண்டன்' ஆகப் பார்த்தது. மாணவர்களும் பழைய மாணவர்களும் கூச்சல் போட்டதில் 2015 தொடக்கத்தில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அங்கே பழைய மாணவர்கள் எழுந்து கேட்டார்கள், நிர்வாகம் கேட்டுக்கொண்டது. இங்கே வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பிவிட்டுத் தூங்கிவிடுகிறோம்.

எம்.ஐ.டி. விஷயத்தில் மட்டும் நம்மவர்கள் அசைந்துகொடுக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். உலகத்துக்கு எம்.ஐ.டி. என்றால் பாஸ்டன் பக்கம். நமக்கு குரோம்பேட்டை. 1949இல் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி, அப்துல் கலாம் படித்த இடம். கலாம் எம்.ஐ.டி.யில் படித்தார் என்று வெளிநாட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். நாம் விளக்கம் சொல்லாமலே விட்டுவிடலாம்.

கடையில் நான் பின்பற்றும் பழக்கம் ஒன்றுதான். கல்லூரி நோட்டீஸ் எதுவாக இருந்தாலும், ஊர்ப்பெயரும் பட்டம் தரும் பல்கலைக்கழகப் பெயரும் ஒரு கை தூரத்தில் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில் இருக்கும். 'சின்னதாக' என்று சொன்னால் பத்துப் பாயிண்டுக்குக் கீழே இறங்க மாட்டேன். சிலர் சண்டைக்கு வருவார்கள். புரூஃபில் குறைத்து எழுதித் திருப்பி அனுப்புவார்கள். சிலர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

2029இல் அண்ணாமலைக்கு 100 வயது. நூற்றாண்டுக்கு வளைவு, மேடை, லோகோ எல்லாம் வரும். யாராவது ஒரு டிசைன் கம்பெனிக்காரர் 'ஏ.யு.100' என்று சாய்வெழுத்தில் ஒன்றை வரைந்துகொண்டு வருவார் என்று இப்போதே பயமாக இருக்கிறது. அப்படி ஒரு ஆர்டர் என் கடைக்கு வந்தால் அட்வான்ஸ் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று எழுத ஆசைதான். ஆனால் ஃப்ளெக்ஸ் மிஷினுக்கு இன்னும் தவணை பாக்கி இருக்கிறது. அடித்துத்தான் கொடுப்பேன். பில்லில் மட்டும் 'அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அண்ணாமலை நகர்' என்று முழுசாக எழுதிக் கொடுப்பேன்.